மழை ஞாயிறுக்கு ஒரு தடம்

ஒரு விடுகதை. காய்ந்தால் கல், நனைந்தால் கோந்து, சக்கரத்தில் ஏறிக்கொண்டால் சவாரி அதற்கு, நடை உங்களுக்கு. அது என்ன?

களிமண். ஒரகடத்தில் மவுண்டன் பைக் வாடகைக்கு விட்டு, ஞாயிறு காலைகளில் வழிகாட்டியாகவும் போகிறவன் நான். மழைக்காலத்தில் இந்த மண் இல்லாத வழியைத் தேடுவதுதான் என் வேலை. சைக்கிளை ஒரு முறையாவது தோளில் சுமந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

அருளின் ஞாயிறு

அருள் ஒரு தொழிற்சாலையில் லைன் வேலை பார்க்கிறார். மனைவியும் அவரும் பிரிந்துவிட்டார்கள். பத்து வயது மகள் ஜெனி அம்மாவோடு குன்றத்தூரில் இருக்கிறாள். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு அப்பாவிடம் வருவாள். இருவரும் என்னிடம் சைக்கிள் எடுத்துக்கொண்டு போவார்கள். ஐப்பசி பிறந்ததும், மழை நிற்கும் வரை ஓட்டம் கிடையாது என்று அவரிடம் சொன்னேன்.

"அப்டி சொல்லாதீங்கணா. இது ஒண்ணுதான் எங்களுக்கு கீது. இல்லாட்டி ரூம்ல ஆளுக்கு ஒரு செல்ல நோண்டிகினு குந்தினு இருப்போம்."

படத்தில் இருந்த பாதை

செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து சேரப்பணஞ்சேரிப் பக்கம் ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்தேன். அகலமான பாதை, ஒரு மேடு பள்ளம் இல்லை. போய்ப் பார்த்தால் அது நேராக ஏரிக்குள் இறங்கியது. படம் கோடையில் எடுத்தது என்பதை நான் யோசிக்கவில்லை. மூவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கரையில் எருமை மேய்த்தவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"பாத கீதுபா, எங்கியும் போவல. சித்திரைல வா."

குதிகால் சோதனை

பிறகு சனிக்கிழமைகளில் நடந்தே பார்த்தேன். மண்ணில் குதிகாலை அழுத்தி எடுத்து, பத்து எண்ண வேண்டும். தடத்தில் தண்ணீர் ஊறினால் அந்த வழி ஆகாது. ஊறாமல் ஓரம் பொலபொலவென்று உதிர்ந்தால் ஓட்டலாம். பென்னலூர்ப் பக்கம் இரண்டு கிலோமீட்டர் சோதித்தேன். பசித்தது. மூன்றாவது கிலோமீட்டரைச் சோதிக்காமல் வந்துவிட்டேன்.

ஞாயிறு மூவரும் ஓட்டிக்கொண்டு போனால், அங்கேதான் யாரோ அஸ்திவாரம் தோண்டிய களிமண்ணைக் கொட்டி நிரவியிருந்தார்கள். சக்கரங்கள் இறுகிப்போயின. அருள் இரண்டு சைக்கிளையும் இழுத்தார். ஜெனி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். "ஜாலியா கீதுல்ல பாப்பா?" என்று அவர் கேட்டார்.

"மூணாவது தபா கேக்கறப்பா நீ."

விற்காத மனைகள்

கடைசியில் நல்ல வழி கிடைத்தது. விற்காமல் கிடந்த ஒரு மனைப்பிரிவு. ஆட்களை அழைத்து வந்து காட்டுவதற்காகச் செம்மண் கிராவலை மேடாகக் கொட்டி ரோடு போட்டு, இருபக்கமும் வடிகால் வெட்டியிருந்தார்கள். தூறலிலும் சக்கரம் வழுக்கவில்லை. ஜெனி ஒரு மணி நேரம் ஓட்டினாள். அருள் ஒன்றுமே கேட்காமல் பின்னால் போனார்.

இரண்டு வாரம் கழித்துப் போனால் வேலியும் கேட்டும் நின்றன. முழு இடத்தையும் யாரோ கிடங்குக்கு வாங்கிவிட்டார்களாம். காவலுக்கு நின்றவர் தெற்கத்திக்காரர்.

"ரோடு அப்படியேதான் கெடக்கு அண்ணாச்சி. ஒங்கள உள்ள விட்டா நா வெளிய போவணும்."

கேட்டுக்கு வெளியே

மழை வலுத்தது. அருள் என் முகத்தையே பார்த்தார். பக்கத்துத் தொழிற்சாலையின் மதிலைச் சுற்றித் தார்ச்சாலை இருக்கிறது, எந்த மழையிலும் ஓட்டலாம், ஆனால் சுற்றிச் சுற்றி ஒரே மதில்தான் என்றேன். இல்லையென்றால் தை பிறக்கட்டும், எல்லா வழியும் காய்ந்துவிடும் என்றேன்.

"மதிலச் சுத்தலாம் வா பாப்பா. அப்பா பின்னாலயே வரேன்," என்றார் அருள்.

மழையிலும் ஓடும் வழியைக் கண்டுபிடிப்பதே என் தொழில். ஜெனி, தை பிறக்கும் வரை குன்றத்தூரிலேயே இருந்துகொள்வதைத் தேர்ந்தெடுத்தாள்.