அமராவதியின் பாகல் கொடி

மாடிக் குடித்தனத்துக்கு அமராவதி வந்த நாளிலிருந்து எனக்கும் அவளுக்கும் சண்டைதான். கீழ் வீட்டுக்காரி நான். காலையில் வாசலில் கோலம் போட்டு நிமிர்வேன். மேலே அவள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவாள். பால்கனி விளிம்பிலிருந்து மண் கலந்த தண்ணீர் சொட்டிக் கோலம் கரைந்துபோகும். "ஒன் தோட்டத்துக்கு என் வாசல்தான் வாய்க்காலா?" என்று கத்துவேன். "ஒரு சொட்டுத்தாங்கக்கா" என்று எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் என் கோபம் ஒரு காப்பி குடிக்கிற நேரம்கூட நிற்காது.

1952இல் அவர்கள் புதுக்கோட்டை டவுனுக்கு வந்தார்கள். ஆவூர்ப் பக்கம் வெள்ளாமை செய்த குடும்பம். மழை பொய்த்து, இருந்த நிலத்தை விற்றுவிட்டார்கள். புருஷன் அய்யாக்கண்ணு பஸ் கம்பெனி ஆபீசில் குமாஸ்தா. அந்தப் பால்கனியில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் உள்ளே போய்விட வேண்டும். அதில் அவள் ஒரு பண்ணையே வைத்திருந்தாள். மண்ணெண்ணெய் டின்னில் கத்தரி, விரிசல் விட்ட பானையில் தக்காளி, ஓட்டை வாளியில் தண்டுக்கீரை. புதுக்குளம் வற்றும்போது வண்டலைக் கூடையில் சுமந்து வருவாள். தண்ணீருக்குக் கொல்லைக் கிணற்றில் இறைத்துப் பதினெட்டுப் படி ஏற வேண்டும். காய்க்கிற நாலு காயில் ஒன்று என் வாயை அடைக்க வந்துவிடும்.

பால்கனிக் கம்பி முழுக்கப் பாகல் கொடி. அது ஒரே மகள் செவந்திக்காக. மற்ற வீட்டுப் பிள்ளைகள் முகம் சுளிக்கிற பாகற்காயை அந்தப் பெண் முறுக்கு தின்பதுபோல் தின்பாள்.

1957இல் செவந்தியை அறந்தாங்கியில் ரத்தினவேலுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மறு வருஷம் தை மாதம், ஐந்து மாதக் கர்ப்பிணியாகப் புருஷனோடு விருந்துக்கு வந்தாள். படியேறியதும் நேரே பால்கனிக்குத்தான் போனாள்.

"ஆத்தா, நாக்கு கேக்குது. பாவக்கா பொரிச்சுத் தா."

கொடி ஓய்கிற நேரம். கடைசியாக ஏழெட்டுக் காய் தொங்கியது. அமராவதி பறிக்கக் கை நீட்டிவிட்டாள்.

நான்தான் தடுத்தேன். சமையலுக்கு ஒத்தாசையாக வந்தவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா? விருந்தாளிக்கு எங்கள் பக்கம் பாகற்காய் வைக்க மாட்டோம். வைத்தால் உறவு கசந்துபோகும் என்று பயம். கருமாதிச் சாப்பாட்டுக்குத்தான் அது ஆகும். "மாப்பிள்ளை வந்திருக்கையில அடுப்புல பாவக்காயா? ஒனக்குப் புத்தி இருக்கா?" என்றேன். நீட்டிய கை இறங்கிவிட்டது.

"அவருக்கு வைக்காத, எனக்கு மட்டும் குடு" என்று செவந்தி கெஞ்சினாள்.

"இப்ப நீயும் விருந்தாளிதாண்டி. ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டுக் கூட்டியாந்துட்டா நீ எம் மக. புள்ள பெத்துப் போற வரைக்கும் தெனமும் பொரிச்சுத் தாரேன்" என்றாள் அமராவதி. மகள் உதட்டைப் பிதுக்கினாள், பிறகு சிரித்துவிட்டாள்.

அவர்கள் பஸ் ஏறிப் போன மறுநாளே அமராவதி புது விதை ஊன்றினாள். ஏழாம் மாதத்துக்குக் கொடி காய்த்து நிற்க வேண்டும். மாசி வெயிலில் ஒரு நாளைக்கு மூன்று நடை தண்ணீர் சுமந்தாள். அந்த இரண்டு மாதமும் கோலத்தைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

பங்குனியில் கொடி நிறையக் காய். வளைகாப்புக்கு ஒன்பது நாள் இருக்கையில் செவந்திக்கு ஜன்னி கண்டது. தந்தி கிடைத்து இவர்கள் அறந்தாங்கி போய்ச் சேர்வதற்குள் தாயும் போய்விட்டாள், வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டது.

காரியம் முடிந்து திரும்பிய அமராவதி அழவில்லை. செடிகளுக்குத் தண்ணீரும் ஊற்றவில்லை. பறிக்க ஆளில்லாமல் பாகற்காய்கள் மஞ்சளாகப் பழுத்து வெடித்து, சிவப்பு விதைகள் என் வாசலில் விழுந்தன. தினமும் அழுதுகொண்டே கூட்டி அள்ளினேன்.

ஒரு மாதம் கழித்து ரத்தினவேல் செவந்தியின் துணிப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். நான் மோர் எடுத்துக்கொண்டு மேலே போனேன். அவர் பால்கனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதத்தான் அத்தே, செவந்தி பஸ்ஸுல பூராச் சொல்லிக்கிட்டு வந்தா. எனக்கும் பாவக்கான்னா உசுரு. மறுநாளே சந்தையில வாங்கியாந்து எங்க அம்மாவப் பொரிக்கச் சொன்னேன். தட்டத் தள்ளி வச்சுட்டா. 'எங்க ஆத்தா எனக்காகப் போட்டு வளக்குது, அங்கிட்டுப் போயித்தான் திம்பேன்'னா. கடைசி வரைக்கும் தொடலைங்க."

தடுத்த வாய் என்னுடையது. அமராவதி பெட்டியின் மேல் விழுந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றைக்குத் தெரு முழுக்கக் கேட்டது.

"அவரு வாங்கியாந்தப்பவாச்சும் தின்னுருக்கலாமேடி, எந் தங்கமே! தின்னுட்டுப் போயிருக்கலாமேடி!"