படகு மூடிக்குப் போட்ட கோலமாவு

எங்க படகு மூடி ஒழுகலீங்க! ஒரு சொட்டு எறங்கல! இதச் சொன்னாத்தான் எனக்குச் சோறு எறங்கும், அதான் மொதல்லயே சொல்லிப்போட்டேன்.

என்ற மகன் பத்து வருசம் ரிக் வண்டியில, போர்க் கெணறு தோண்ட வடக்க போனவனுங்க. போனா எட்டு மாசம் ஊட்டுப் பக்கம் வர மாட்டான். போன வருசந்தான் அத உட்டுப்போட்டு, காவேரியில ஆளேத்தற இரும்புப் படகு ஒண்ணு எடுத்தான். படகுல நாம நிக்கற தகரத்துக்கு அடியில வெறும் கூடுங்க, அதுதான் படக மெதக்க வெக்குது. அந்தக் கூட்டுக்குள்ள எறங்க ஒரு இரும்பு மூடி. அது வழியாத்தான் ஒழுக்கு. மழை பேஞ்சா உள்ள நாலு கொடம் தண்ணி நிக்கும்.

படகச் சோதிக்க வந்த ஆபீசரு, "வெள்ளிக்கெழம மறுக்கா வாரேன். அப்பவும் ஒழுகுச்சுன்னா ஓட்டக்கூடாது"ன்னுட்டாரு. இவன் அன்னைக்கே ரிக் மொதலாளிக்குப் போனப் போட்டு, "எடம் இருக்குதுங்களாண்ணா?"ங்கறான். மறுக்கா வடக்க போயிருவானாட்ட இருக்குதுங்களே!

மூடியில சுத்தியும் ரப்பர் ஒட்டியிருக்குமுங்க. இவன் அதுமேல பசையா அப்பறான், ஒழுக்கு நிக்கல. நான் போயித் தொட்டுப் பாத்தேன். காஞ்ச வத்தலாட்ட மொடமொடங்குது!

"ஏஞ்சாமி, ரப்பர் ஏன் பச்சையா இருக்குது?"

"ஆயுத பூசைக்குப் பெயிண்ட் அடிச்சேம்மா. ரிக்குல எல்லாத்துக்குந்தான் அடிப்போம்."

"ஏண்டா, குக்கர் ரப்பருக்குப் பெயிண்ட் அடிச்சா விசில் வருமா?"

மருமவ, "மெதுவாப் பேசுங்கத்தை, அடுத்த பூசைக்கு அதையும் அடிச்சுருவாரு"ங்கறா. அந்தக் குக்கர் அவ கொண்டாந்ததுதானுங்க. மொத விசிலுக்கு நான் வாசலுக்கே ஓடிட்டேன், அது வேற கதை.

அப்பறம் புதுச்சத்திரத்துப் பக்கம், லாரி பாடி கட்டற பட்டறையில கதவுக்குப் போடற ரப்பர் வாங்கியாந்தான். பழசச் சொரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, புதுசு ஒட்டுனான். எல்லாப் பக்கமும் படியுதான்னு எப்படிங்க தெரியும்? நான் கோலமாவு டப்பாவ எடுத்துட்டுப் போயி, மூடி உக்கார்ற வெளிம்புல சுத்தியும் இழுத்துட்டேன்.

"அம்மா, படகுக்குமா கோலம்?"

"மூடி அமுக்குடா!"

அமுக்கித் தொறந்தா, ரப்பர்ல சுத்தியும் வெள்ளைக் கோடு. ஒரு மூலையில மட்டும் ஒரு சாணுக்கு மாவே ஒட்டல!

"இங்க மூடி வளஞ்சிருக்குது" அப்படின்னவன், என்னயவே பாக்கறான். அது நான் தெனமும் உக்கார்ற எடமுங்க! அக்கரைச் சந்தைக்குப் போறப்பெல்லாம், காத்து நல்லா வருதுன்னு அதுமேலதான் குந்துவேன். சிரிச்சுச் சிரிச்சு மருமவளுக்கு வயிறே புடிச்சுக்கிச்சு. மூலையத் தட்டி நிமுத்துனான், மறுக்கா மாவு போட்டோம், கோடு முழுசா வந்திருச்சு.

வெள்ளிக்கெழம ஆபீசரு வந்தாரு. மூடிமேல ஓஸ் தண்ணிய நல்லா அடிக்கச் சொன்னாரு. தொறந்து கைய உட்டுப் பாத்தாரு. வெரல்ல மாவுதான் ஒட்டுச்சு, ஈரமே இல்ல!

"இதென்னங்கம்மா வெள்ளையா?"

"கோலமாவுங்க!"

சிரிச்சுக்கிட்டே, "ஓட்டிக்குங்க"ன்னாரு.

ஆபீசரு கரையேறக்குள்ள ரிக் மொதலாளி போனு. "இல்லீங்கண்ணா, நான் வரல. படகு ஓடுது"ங்கறான் என்ற மகன். சந்தோசத்துல நான் அப்படியே பொத்துனு உக்காந்துட்டேன்.

"அம்மா! அந்த மூலைய உட்டு எந்திரி மொதல்ல!"