முளைப்பாரி ஊர்வலத்தில் ஒரு கடுகு வேர்

முதுகுளத்தூர் பக்கம் எங்கள் ஊருக்குத் தலைப்பிரசவத்துக்கு வந்த என் மகள், பெட்டியில் சேலையைவிடக் கண்ணாடிச் சாமான்களைத்தான் அதிகம் கொண்டுவந்தாள். டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சியாம். ஒரு கடுகைச் சின்னக் கண்ணாடித் தகட்டில் முளைக்கவிட்டு, அதன் வேரை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்தாள். வேர் நுனியில் ஒரு செல் இரண்டாகப் பிரிவதைக் கம்ப்யூட்டர் விடாமல் படம் பிடிக்க வேண்டும். நடுவில் அசைந்தால் போச்சு. பிள்ளை பிறந்துவிட்டால் மறுபடி உட்கார ஏது நேரம்?

வேர் இருட்டில்தான் ஒழுங்காக வளருமாம். எங்கள் வீட்டில் இருந்த ஒரே இருட்டறையில் அப்போது அம்மன் திருவிழாவுக்காகத் தெருவுக்கே சட்டி சட்டியாக நவதானிய முளைப்பாரி வளர்ந்துகொண்டிருந்தது. அதிலேயே ஒரு மூலையில் அவளும் மேசை போட்டாள். சாயங்காலமானால் பெண்கள் வாசலில் கும்மி கொட்டுவார்கள். தரை அதிரும், படம் கலங்கும்.

படித்தவள் அல்லவா, வழி கண்டுபிடித்தாள். என் நாத்தனாரிடம், "அத்தை, இதுவும் முளைப்பாரிதான். மெதுவா ஆடுங்க" என்றாள்.

"அதை மொதல்லயே சொல்லக்கூடாதாத்தா?"

அன்று முதல் கும்மி பூனை நடையாகிவிட்டது. மைக்ரோஸ்கோப் மேசைக்கும் மஞ்சள் பூசிப் பூ வைத்தார்கள். தன் விஞ்ஞானத்தை ஊரே மதிக்கிறதென்று மகளுக்கு ஏகப் பெருமை. கடைசி நாள் முளைப்பாரியை என்ன செய்வார்கள் என்பதை மட்டும் பட்டணத்துப் படிப்பில் மறந்துபோயிருந்தாள்.

அந்தக் கடைசி நாள் மத்தியானம் அவள் கண்ணயர்ந்த நேரம், எல்லாப் பாரிகளையும் ஊருணியில் கரைக்கக் கிளம்பினார்கள். நாத்தனார் தலையில் பித்தளைத் தட்டு, அதில் பூச்சுற்றிய கடுகுக் கண்ணாடி. குலவைச் சத்தத்தில் விழித்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு தலைவிரி கோலமாக ஓடினாள். அடுப்படியிலிருந்த நான் பின்னாலேயே ஓடினேன்.

"நிறுத்துங்க! என் வேரைக் குடுங்க!"

"ஆத்தா எறங்கிட்டாடி!" என்று ஒருத்தி அவள் நெற்றி நிறையத் திருநீறு அப்பினாள். "தாயி, மழை எப்ப வரும்?"

"கரைக்காதீங்க! இன்னும் ஒரு நாள் வேணும்!"

ஆத்தா கேட்டால் மறுபேச்சு உண்டா? தட்டைக் கையில் கொடுத்துவிட்டுக் காலில் விழுந்தார்கள். நானும்தான் விழுந்தேன், எதற்கு வம்பு.

வீட்டுக்கு வந்து மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வேருக்கு ஒரு குறையும் இல்லை.

"போற வழியிலேயே செல்லு ரெண்டாப் பிரிஞ்சிருச்சும்மா! இதைப் பாக்கத்தான இத்தன நாளாக் காத்துக் கெடந்தேன்!"

நாத்தனார் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்தாள். "இதுக்குப் போயி அழுகலாமாத்தா? எந்தலை மேலதான பிரிஞ்சுச்சு? எப்புடிப் பிரிஞ்சுச்சுன்னு அத்தை சொல்றேன், எழுதிக்க."