சமையலக்கா தீனி போட்ட காளை

எங்கள் அடுத்த வீட்டு அம்மாளை எல்லோரும் சமையலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு நூற்பாலையின் உணவகத்தில் இருபது வருடம் சமைத்தவர். ஆலை மூடியபின் வேறு வேலை தேடவில்லை. ஒரு காளைக் கன்றை வாங்கிக் காயடித்து வளர்த்துக் கால்நடைக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். அது ஏலத்தில் போனதும் இன்னொன்று வாங்கினார். நான் அந்தக் கண்காட்சியின் எடைமேடையில் இருந்தவன். ஆகவே இங்கே எழுதுவதில் பாதி நான் பார்த்தது. மீதி, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் சொன்னது.

தீவனத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறவர்கள் உண்டு. சமையலக்கா, மாடு தின்று முடித்தபின் வந்து தொட்டியைப் பார்ப்பார். நக்கித் துடைத்திருந்தால் அடுத்த வேளைக்கு ஒரு கை கூடும். அடியில் தங்கியிருந்தால் ஒரு கை குறையும். எச்சில் பட்டு நனைந்து கிடப்பதை முகர்ந்து பார்த்து வழித்துக் கொட்டுவார். கண்காட்சி நெருங்கும்போது மற்றவர்கள் மக்காச்சோளத்தை அள்ளிப் போடுவார்கள். மாடு இரண்டு நாள் ஆசையாகத் தின்னும். பிறகு வயிறு புளித்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இவர் முதலில் உலர்ந்த புல்லைப் போடுவார். அது பாதியாவது உள்ளே போனபின்தான் சோளமும் தவிடும். ஆலையிலும் அப்படித்தானாம். பசியோடு வருகிறவனுக்கு முதல் கரண்டியிலேயே எண்ணெய்ப் பண்டத்தைப் போட்டால் அவன் சோற்றைத் தொடமாட்டான் என்பார்.

முந்தின வருடம் அவருடைய காளை எடைமேடையில், போட்டிக்கு வேண்டிய குறைந்தபட்ச எடைக்கு ஆறு கிலோ குறைந்து, உள்ளே போகாமலே திரும்பியது. கண்காட்சித் திடலின் குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை அடித்ததால் அது குடிக்கவில்லை. குடிக்காத மாடு தின்னாது. அன்று வீடு திரும்பியதும் அவர் கணவர் ஒரு முடிவு சொன்னார். அவர் வாடகை வேன் ஓட்டுபவர். வேன் வெயிலிலும் மழையிலும் தெருவில்தான் நிற்கும்.

“அடுத்த வருஷமும் இப்படித் திரும்பி வந்துச்சுன்னா, மாட்டு வேலையே வேணாம். மாட்டுக் கொட்டகை வேனுக்கு. சரியா?”

“சரிங்க.”

சொன்ன சொல்லில் இருந்து பின்வாங்குகிறவர் அல்ல சமையலக்கா.

ஆகவே இந்த வருடம் வீட்டுத் தண்ணீரை டிரம்மில் நிரப்பி எடுத்துப்போவது என்று முடிவானது. இன்னொரு குறையையும் சரிசெய்தார்கள். பழைய காளை தலையைத் தொங்கப்போட்டு நின்றதைப் பார்த்த ஒருவர், தரையில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருந்தார். கணவர் அந்தப் பொறுப்பைத் தாமே எடுத்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் காளைக்குத் தலைக்கயிறு மாட்டுவார். அது தலையைத் தாழ்த்தினால் தாடைக்கடியில் கயிற்றைச் சுண்டி இழுப்பார். தீனி வேளைக்குக் கயிற்றைக் கழற்றிவிட வேண்டும் என்பது சமையலக்காவின் நிபந்தனை. சாப்பிடும்போது யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது. சில மாதங்களில், கயிறு முகத்தில் பட்டதுமே காளை தலையை நிமிர்த்தியது.

“பாத்தியா, ராஜா மாதிரி நிக்குது,” என்று கணவர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

எடை பார்ப்பதற்கு இரண்டு நாள் முன்பே மாடுகள் திடலுக்கு வந்துவிட வேண்டும். நீளமான தகரக் கொட்டகை, வரிசையாக மாடுகள், மேலே ஓயாமல் சுற்றும் மின்விசிறிகள். காளை வண்டியிலிருந்து இறங்கிய வேளையிலிருந்து, தரையில் வைத்த பிளாஸ்டிக் தொட்டியைத் தொடவில்லை. வீட்டுத் தண்ணீரையும் குடிக்கவில்லை. மறுநாள் காலைக்குள் விலாவுக்குப் பின்னால் பள்ளம் விழுந்துவிட்டது. மாட்டு டாக்டர் வந்து காய்ச்சல் பார்த்தார், வயிற்றில் காது வைத்துக் கேட்டார்.

“ஒண்ணும் இல்லம்மா. இடம் புதுசு. பழகிடும்.”

பழகுவதற்கு ஒரு பகல்தான் இருந்தது.

சமையலக்கா தொட்டியைக் கழுவி முகர்ந்தார். தவிட்டைக் குறைத்தார், புல்லை மாற்றினார். கடைசியில் ஒரு பிடி புல்லைக் கையில் எடுத்து நீட்டினார். காளை வெடுக்கென்று பிடுங்கித் தின்றது.

“கையில குடுத்தாத் திங்குது, தொட்டியில வச்சாத் திங்கல,” என்றார் கணவரிடம்.

“நீ செல்லம் குடுத்த லட்சணம். ஊட்டிவிட்டு வளத்தா அப்படித்தான்.”

அது உண்மையோ என்று அவருக்கே சந்தேகம் வந்து, கையால் கொடுப்பதை நிறுத்திவிட்டார். அந்த நேரத்தில் அவருடைய கொழுந்தன் வந்து சேர்ந்தான். கணவரின் தம்பி, எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவன்.

“என்ன அண்ணி, சம்பந்தி வீட்டுச் சாப்பாடு புடிக்கலையா இவருக்கு?”

“நீ வேற. நேத்துல இருந்து பட்டினி.”

“பட்டினி இல்ல அண்ணி, மாப்பிள்ளை முறுக்கு. குனிஞ்சு சாப்பிட்டா கௌரவம் போயிருமாம். எப்படி நிக்கிறாரு பாருங்க.”

சமையலக்கா பார்த்தார். காளை நிமிர்ந்து நின்றது. கண் மட்டும் கீழே, தொட்டியில் இருந்தது. நாக்கு மூக்கைத் துழாவிக்கொண்டிருந்தது. பசி இல்லாதவன் தட்டைப் பார்க்கமாட்டான் என்பது அவர் இருபது வருடம் பார்த்தது. அதன் முகத்தில் தலைக்கயிறு இருந்தது. திடலில் அது எப்போதும் இருந்தாக வேண்டும் என்பது விதி.

தீனி வேளைக்கு மட்டுமாவது கயிற்றைக் கழற்றலாமா என்று கொட்டகை மேற்பார்வையாளரிடம் போய்க் கேட்டார்.

“கயிறு இல்லாத மாட்ட இங்க விட முடியாதும்மா. போன தடவ ஒண்ணு தெரு வரைக்கும் ஓடிருச்சு.”

திரும்பி வந்து, தொட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் காளையின் வாய்க்கு நேரே பிடித்தார். அது முகத்தை உள்ளே புதைத்துத் தின்னத் தொடங்கியது. மரப்பெட்டியின் மேல் வைத்துப் பார்த்தார்கள், முட்டித் தள்ளிவிட்டது. யாராவது பிடித்துக்கொண்டேதான் நிற்க வேண்டும்.

சமையலக்காவின் பிடி தளர்ந்து தொட்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. கணவர் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டி கீழே இறங்கினால் கொட்டகை வேனுக்கு. அவர் அதைப் பற்றி அப்போது யோசித்தாரா என்று எனக்குத் தெரியாது.

“இழுத்து இழுத்துப் பழக்கினது நான்தானே. இங்க குடு,” என்று வாங்கிக்கொண்டார்.

புல், தண்ணீர், பிறகு தவிடு என்று அன்று பகல் முழுவதும் அவர்தான் பிடித்தார். இடையிடையே தம்பி மாற்றிவிட்டான்.

“அண்ணே, நாளைக்கு உன்னையும் சேத்து எடை போடலாம். நீதான் இளைச்சிருப்ப.”

“வாய மூடிட்டுத் தண்ணிய எடு.”

மறுநாள் காலை காளை என் மேடையில் ஏறியது. முள் ஆடி நின்றபோது, வேண்டியதற்கு இரண்டு கிலோ மேலே இருந்தது. “உள்ளே போகலாம்,” என்றேன். சமையலக்கா தலையசைத்துவிட்டு மாட்டை நடத்திக்கொண்டு போனார்.

பரிசு கிடைக்கவில்லை. நடுவர் தலை நிமிர்வைப் பாராட்டிவிட்டு, முதுகில் சதை போதாது என்று ஐந்தாவதாக நிறுத்தினார். ஏலத்தில் வழக்கமான விலைக்கே போயிற்று. மாடு இல்லாத வண்டியில் திரும்பும்போது கணவர் சொன்னாராம்:

“அப்ப வேன் மழையில நனைய வேண்டியதுதான்.”

“நனையட்டும். அது கரையிற சாமான் இல்ல.”

அடுத்த கன்றைப் பார்க்க அந்த வாரமே போனார்கள். வாங்கி வந்த நாளிலிருந்தே அதற்குத் தலைக்கயிறு மாட்டித்தான் தீனி வைத்தார்கள். தின்னும் நேரத்தில் கயிற்றின் மறுமுனையைத் தொடக்கூடாது என்று கணவருக்கு உத்தரவு. அவரும் அது தின்று முடிக்கும்வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.