குதிரை ஓடத் தெரியுமா? கமார்க் சமவெளியில் ஒன்றரை நாள்

2018 ஒக்டோபர் நடுப்பகுதியில் நான் கமார்க் போனது ஊர் பார்க்க அல்ல. பிரான்சின் தெற்கே ரோன் ஆறு கடலில் சேரும் அந்தச் சமவெளியில், ஒரு மாட்டுப் பண்ணைக்கு ஆள் தேவை என்று இணையத்தில் கண்டேன். அக்காவின் கணவருக்கு அது பொருந்தும் என்று தோன்றியது. அவருக்கு மொழிபெயர்க்கக் கூடப் போனேன். இருந்தாலும் பாரிஸில் நம்மவர் கூடும் லாச்சப்பலில் இருந்து அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

அத்தான் வன்னியில் அறுபது மாடு பார்த்தவர். 2012 இல் பாரிஸ் வந்ததிலிருந்து ஒபர்வில்லியேயில் ஒரு மொத்த வியாபாரக் களஞ்சியத்தில் பெட்டி தூக்குகிறார். ஒப்பந்தம் ஒக்டோபர் கடைசியில் முடிகிறது. முதுகு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அவர் எங்களிடம் எதையும் கேட்பவர் அல்ல. இந்த விளம்பரத்தை வாசித்துக் காட்டியபோது மட்டும், "ஒருக்கால் அடிச்சுப் பாரும்" என்று தானே போனை எடுத்துத் தந்தார்.

பண்ணை முதலாளி ஒரு மதாம். நாலைந்து கேள்விகளுக்குப் பிறகு, "குதிரை ஓடத் தெரியுமா?" என்று கேட்டார். அத்தானைத் திரும்பியும் பார்க்காமல் "வுய்", ஆம் என்றேன். ஒன்பது வயதிலிருந்து விசா கொடுக்கும் பிரெபெக்சர் அலுவலகம், வைத்தியர், வங்கி என்று வீட்டாருக்கு மொழிபெயர்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் புரியும். கேட்கிற ஆளுக்குப் பிடித்த பதிலை முதலில் கொடுத்துவிடுவோம், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம். அத்தானிடம் நான் அதைச் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து வரும் சனிக்கிழமை காலை எட்டரைக்கு நேரில் வரச் சொன்னார்கள் என்பதை மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை வடக்கு நிலையத்தில் இருந்து RER D ரயிலில் இரண்டாவது நிறுத்தம், லியோன் நிலையம். அங்கிருந்து 10.07க்கு நீம் நகருக்கு தெஜேவே விரைவு ரயில். மூன்று வாரம் முன்பே எடுத்ததால் ஒருவருக்கு 39 யூரோ. மூன்று மணி நேரத்தில் நீம், அங்கிருந்து அரை மணி நேரத்தில் ஆர்ல். ஆர்லில் மூன்று பத்துக்குப் பேருந்து, 2.90 யூரோ. நாற்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான பாதை, ஒரு மணி நேரப் பயணம். வலது பக்கம் உட்காருங்கள். நெல் வயல் முடிந்து நாணல் தொடங்கும், நாணல் முடிந்து உப்பு நீர்ப் பரப்பு தொடங்கும். நெல்லைக் கண்டதும் அத்தான் கண்ணாடியில் நெற்றி முட்ட எட்டிப் பார்த்தார். "உவங்கள் பிந்தி வெட்டுறாங்கள்" என்றார்.

பேருந்து கடைசியாக நிற்கும் சான்த் மரி த லா மேர் சின்ன ஊர். வெள்ளை வீடுகள், கோட்டை போல ஒரு தேவாலயம், கடலை ஒட்டி மாட்டு ஓட்ட அரங்கம். ஒரு கரையில் இருந்து மறு கரைக்கு இருபது நிமிடத்தில் நடந்துவிடலாம். மௌனப் படக் காலத்தில் பிரெஞ்சுக்காரர் கவ்பாய் படம் எடுக்க வந்தது இந்தச் சமவெளிக்குத்தான். கடைகளில் தொப்பியும் சப்பாத்தும் தொங்குகின்றன. ஆனால் தொழில் வேடிக்கைக்கு அல்ல. வெள்ளைக் குதிரையில், சூலம் போன்ற ஈட்டியோடு, கறுப்பு மாடுகளை மேய்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 'கார்டியான்' என்று சொல்வார்கள். அரங்கத்தில் மாட்டைக் கொல்வதில்லை, கொம்பில் கட்டிய நாடாவைப் பறிப்பதோடு சரி. சுவரொட்டிகளில் மனிதர் பெயரைவிட மாட்டின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அத்தானுக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்தது அதுதான்.

இரவு தங்க ஒரு விடுதியில் இரண்டு சிறிய அறைகள், ஒவ்வொன்றும் 46 யூரோ. பருவம் முடிந்ததால் இந்த விலை. கோடையில் இரட்டிப்பாம்.

மறுநாள் எட்டு மணிக்கு ஒரு பிக்கப் வந்தது. ஓட்டி வந்தவர் பண்ணையில் வேலை செய்கிற இளைஞர். ஒன்பது கிலோமீற்றர் போகவேண்டும். ஊரைத் தாண்டியதும் உற்சாகமாக, "பழக்கப்பட்ட வெள்ளைக் குதிரைக்குச் சேணம் போட்டாச்சு. உங்கள் அத்தான் ஊரில் எப்படி ஏறுவார், இடப் பக்கத்தில் இருந்தா?" என்றார்.

அத்தான் என் முகத்தைப் பார்த்தார். "என்னவாம்?"

சொன்னேன். சொல்லி முடிக்க இரண்டு கிலோமீற்றர் பிடித்தது.

"குதிரை ஓடுவன் எண்டோ சொன்னனீர்?"

"ஓம் அத்தான். இல்லையெண்டு சொன்னா போனை வைச்சிருப்பா."

"பிள்ளை, நான் குதிரையைக் கிட்டத்திலை கண்டது கோயில் வாகனத்திலை மட்டும்தான். அது மரம். அதிலையும் சாமிதான் ஏறினது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

மதாமுக்கு அறுபது வயதிருக்கும். கை குலுக்கிவிட்டு நேராகக் குதிரையைக் காட்டினார். அது பெரிய குதிரை அல்ல, ஆனால் மரமும் அல்ல. அத்தான் ஒரு கை தூரம் வரை போனார். அது தலையை உதறியதும் நின்றுவிட்டார். நான் உடனே, இவருக்கு முதுகில் வலி, வைத்தியர் ஒரு மாதத்துக்கு ஏற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்று பிரெஞ்சில் தொடங்கிவிட்டேன்.

"முதுகு எண்டு சொல்லுறது விளங்குது எனக்கு. சும்மா இரும்" என்றார் அத்தான். பிறகு மதாமைப் பார்த்து, தன் பிரெஞ்சில், "மதாம். செவால், நோன். ஜமே" என்றார். குதிரை இல்லை, ஒருபோதும் இல்லை.

மதாம் என் பக்கம் திரும்பினார். பொய் என்னுடையது, அவருக்கு இன்று காலைதான் தெரியும் என்று சொன்னேன். "அப்படியென்றால் இவ்வளவு தூரம் எதற்கு வந்தார்? உன்னைக் கேட்கவில்லை, அவரைக் கேள்" என்றார்.

கேட்டேன். "மாடு தெரியும். நடந்துதான் பார்த்தனான்" என்றார் அத்தான். "தரையில் நிற்கிற ஆளை இந்த மாடுகள் மதிக்காது" என்றார் மதாம். "மதிக்கத் தேவையில்லை, எங்களைக் கண்டு பயப்பிடாட்டிப் போதும்" என்றார் அத்தான். ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் இரண்டு பக்கமும் மாற்றிக் கொடுத்தேன். இவ்வளவு காலத்தில் அப்படிச் செய்தது எனக்கே புதிதாக இருந்தது.

மதாம் ஒரு வைக்கோல் கட்டைக் காட்டி, அடைப்புக்குள் கொண்டுபோய்ப் போடச் சொன்னார். உள்ளே ஏழெட்டு இளங்காளைகள். அத்தான் அவசரப்படாமல், அவற்றை நேரே பார்க்காமல், நாக்கால் ஏதோ சத்தம் கொடுத்தபடி நடந்தார். பாதி தூரம் வரை பார்க்க அழகாக இருந்தது. பிறகு ஒரு காளை தலையைத் தாழ்த்தியது. வைக்கோலைப் போட்டுவிட்டு அவர் வேலிக்கு மேலால் வந்து விழுந்தபோது காற்சட்டை முழங்காலில் இருந்து கீழே கிழிந்திருந்தது. மதாம் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "பார்வை நல்லது. ஓட்டம் அதைவிட நல்லது" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன்.

"வன்னி மாட்டுக்குத் தமிழ் தெரியும், இதுக்குத் தெரியேல்லை" என்று அத்தான் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

காப்பிக்குப் பிறகு மதாம் சொன்னது இதுதான்: நவம்பர் முதல் வேலி, வைக்கோல், வாய்க்கால் வேலை. சட்டப்படி உள்ள குறைந்த சம்பளம். தங்க ஓர் அறை. தினமும் காலையில் குதிரைப் பயிற்சி. பெப்ரவரி முடிவுக்குள் ஓடப் பழகாவிட்டால் போய்விட வேண்டும். "சம்மதமா?"

'வுய்' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அத்தானிடம் கேட்டேன். "அக்காவோடை கதைக்க வேணும். நாளைக்குப் பின்னேரம் சொல்லுறன் எண்டு சொல்லும்." மதாமுக்கு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள், அந்த ஒரு நாளில் இது கைவிட்டுப் போகலாம் என்று எனக்குப் பயம். ஆனாலும் அப்படியே சொன்னேன். மதாம் தலையசைத்தார். நாளை ஆறு மணி வரை வேறு யாருக்கும் சொல்லமாட்டேன் என்றார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஒக்டோபரிலும் நுளம்பு கடிக்கும், பூசுகிற மருந்து கட்டாயம். வடக்கே இருந்து வீசும் காற்றுக்குக் குடை நிற்காது, தொப்பி உள்ள மேலங்கி போடுங்கள். ஊருக்கு வெளியே வாகனம் இல்லாமல் எங்கும் போக முடியாது, சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம். ஆர்லுக்குத் திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தை வந்தவுடனேயே பார்த்து வையுங்கள், நாங்கள் ஓடித்தான் பிடித்தோம். பண்ணைகளுக்கு முன்கூட்டியே போன் எடுத்துவிட்டுப் போங்கள். யாருக்காவது மொழிபெயர்க்கப் போகிறீர்கள் என்றால், பதில் சொல்லுமுன் அந்த ஆளை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

ஞாயிறு மாலை, பாரிஸுக்கு அருகே செவ்ரானில் அக்கா வீட்டில் இருந்தேன். ஐந்தேமுக்காலுக்கு அத்தான் போனை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினார். நான் எழுந்தேன். "இரடி" என்றாள் அக்கா. கண்ணாடிக்கு அப்பால் அவருடைய கை மட்டும் பேசிக்கொண்டிருந்தது. நாலு விரல் காட்டினார், பிறகு தலையாட்டினார், பிறகு மூன்று விரல். ஏழு நிமிடம் கழித்து உள்ளே வந்தார்.

"என்ன சொன்னனீங்கள்?" என்றாள் அக்கா.

"வாறன் எண்டு சொன்னன். ஆனா குதிரைக்குப் பெப்ரவரி காணாது, ஏப்ரல் வரைக்கும் வேணும் எண்டு கேட்டன்."

"அவ?"

"மார்ச் எண்டா. மார்ச்சிலை முடிச்சாச்சு."