ஒன்பதாவது ஸ்டாப்பிங்

எனக்கு எழுத்து தெரியும். ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் படிப்பேன், அவசரப்படுத்தினால் வராது. அம்பத்தூர் எஸ்டேட்டில் நூல் கம்பெனி வேலைக்குத் திருநின்றவூரிலிருந்து ரயிலில் போன காலத்தில், நான் போர்டைக் கூட்டி முடிப்பதற்குள் வண்டி புறப்பட்டுவிடும். அதனால் விரல் விட்டு எண்ணிக்கொள்வேன். ஏழாவது தடவை வண்டி நின்றால் அது பட்டரவாக்கம், இறங்கிவிடலாம். நடுவில் நேமிலிச்சேரி என்று புதிதாக ஒரு ஸ்டேஷன் வந்தபோது ஒரு விரலைக் கூட்டிக்கொண்டேன், அவ்வளவுதான். வேலைக்குப் போன அத்தனை வருஷத்தில் ஒரு நாளும் மாற்றி இறங்கியதில்லை. இப்படி எண்ணித்தான் போகிறேன் என்பது நான் பெற்ற மகளுக்கே வெகுநாள் வரை தெரியாது.

அந்த மகள் கல்யாணமாகி இங்கிலாந்தில் இருக்கிறாள். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அது லண்டன்தான். ஆனால் அவள் ஊர் லண்டனிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கிறது. ஆறு மாதம் இருக்கலாம் என்று போனேன். போன பத்தாம் நாளே மூச்சு முட்டியது. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால் தெருமுனை வரை போகவும் துணை வேண்டும். அங்கே லைப்ரரியில் சனிக்கிழமை தோறும் வெளியூர்க்காரர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், சேர்த்துவிடச் சொல்லி நானே கேட்டேன். நாலு வார்த்தை வந்தால் நானே கதவைத் திறந்துகொண்டு போய் வரலாமே.

முதல் சனிக்கிழமை மகள் கூட வந்தாள். பஸ் ஒன்பது தடவை நின்றது. ஒன்பதாவதில் லைப்ரரி. நான் வேடிக்கை பார்க்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவளுக்கு வீட்டிலிருந்தே ஏதோ ஆபீஸ் வேலை. நான் தனியாகப் போகிறேன் என்றேன்.

"வேணாம்மா. ஒரு வாரம் கிளாஸ் போவலன்னா ஒன்னும் ஆவாது" என்றாள். ஆபீஸில் என்ன இங்கிலீஷ் பேசினாலும் என்னிடம் அவளுக்கு எங்கள் தெருப் பேச்சுதான்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே தனியா வேலைக்குப் போயிட்டு வந்தவடி நானு. எனக்கு இன்னா வழி தெரியாதா?"

"அது ஆவடி அம்பத்தூரு. இங்க தொலைஞ்சிட்டன்னு வை, அப்பறம் ஊருக்குப் போற வரைக்கும் உன்ன தனியா வெளிய உட மாட்டேன். இப்பவே சொல்ட்டேன்."

"தொலையறதுக்கு நான் இன்னா கொடையா?" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் நாலைந்து பேர்தான். ஒன்று நின்றது, ஒரு விரல். வெகுநேரம் கழித்து இரண்டு. மூன்று. பஸ் ஓடிக்கொண்டே இருந்தது. மழையில் ஜன்னல் கண்ணாடி முழுக்கப் புகை படிந்த மாதிரி இருந்ததால் வெளியே ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. இன்னும் ஆறு இருக்கிறதே என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். நாலாவது தடவை நின்று புறப்பட்டபோது வீடுகள் குறைந்தன. பிறகு வீடே இல்லை, பச்சை வயல். ஆனாலும் கணக்கு நாலில்தானே இருக்கிறது என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாவது தடவை நின்றபோது பஸ்ஸில் நான் மட்டும்தான் இருந்தேன். டிரைவர் எழுந்து வந்து ஏதோ கேட்டார். "லைப்ரரி" என்றேன். அவர் வந்த வழியைக் காட்டி, சீட்டையும் காட்டினார். உட்கார், திரும்பிப் போகும்போது விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அது இப்போது புரிகிறது. அப்போது, இவருக்கு முன்னால் முழித்துக்கொண்டு நிற்பதா என்றுதான் தோன்றியது. தெரிந்த இடம் போலத் தலையாட்டிவிட்டு இறங்கி நடந்தேன். பஸ் திரும்பிப் போய்விட்டது.

ஒரு கம்பம், அதில் ஒரு போர்டு. வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள். காற்றில் குடை மடங்கியது, புடவை முழங்கால் வரை நனைந்துவிட்டது. பையில் போன் இருந்தது. மகளைக் கூப்பிட்டால் அதோடு என் வெளிநடமாட்டம் முடிந்தது. அதனால் கூப்பிடவில்லை. அடுத்த பஸ் வரும், ஏறிக்கொள்ளலாம் என்று நின்றேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். போன் அடித்தது.

"எங்கம்மா கீற?"

"கிளாஸ்லதான் கீறேன். டீச்சர் பாக்கறாங்க, வையி."



"அம்மா, நானும் கிளாஸ்லதாம்மா கீறேன்."

என் மூக்குக்கண்ணாடியைச் சாப்பாட்டு மேசையிலேயே மறந்து வைத்திருக்கிறேன். அதைக் கொடுக்க வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் காரில் வந்திருக்கிறாள்.

"எங்க கீறன்னு சொல்லும்மா. போர்டுல இன்னா எழுதிக்கீது?"

"தெரியல."

"எதிர்ல இன்னாதான் கீது?"

"ஆடு கீது" என்றேன். அவள் சிரிக்கவில்லை, அழுதாள்.

பஸ் போகிற வழியே தேடிக்கொண்டு வந்து சேர்ந்தாள். காரில் ஏறியதும் எண்ணிய கணக்கைச் சொன்னேன். சொல்லாமல் முடியவில்லை.

"ஐயோ அம்மா, இது நம்மூரு ரயிலா, எல்லாத்துலயும் நிக்கறதுக்கு? யாராச்சும் பெல் அமுக்குனாத்தான் நிப்பான். இல்ல, கீழ யாராச்சும் கை காட்டணும்."

கம்பியில் அந்தச் சிவப்புப் பொத்தானை நானும் பார்த்தேன். யாருடையதையோ நாம் ஏன் தொடவேண்டும் என்று விட்டுவிட்டேன்.

வீடு வந்து இறங்கும்போது சொன்னாள்: "தொலைஞ்சது பெருசில்லம்மா. கிளாஸ்ல கீறேன்னு பொய் சொன்ன பாரு, அதான்."

மிச்ச சனிக்கிழமைகளில் அவளே காரில் கொண்டுபோய் விட்டாள். வகுப்பு முடியும்வரை வெளியிலேயே காத்திருந்தாள். தனியாக எங்கும் விடவில்லை. நானும் கேட்கவில்லை.

ஊர் திரும்பி ஒரு வருஷம் ஆகப்போகிறது. போன வாரம் ஆவடி மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு ரயிலுக்கு நிற்கும்போது கூப்பிட்டாள். ஆவடி ஸ்டேஷனில் இருக்கிறேன் என்றேன்.

"வீடியோல வாம்மா. போர்டைக் காட்டு."

இப்போதெல்லாம் எங்கே இருக்கிறேன் என்று சொன்னாலும் இதைத்தான் கேட்கிறாள். பக்கத்தில் பூக்கூடையோடு நின்றவள் என்னையே பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு, போனைத் தூக்கிப் பிடித்தேன். ஆ, வ, டி. மூன்றே எழுத்துதான். மகள் பார்த்து முடிக்கும்வரை கையை இறக்கவில்லை.