ஆர்விட்டின் வயிறு

பக்கெட்டில் கைவிட்டு ஒரு பிடி மிட்டாயை அள்ளுவார். குழந்தைகள் பக்கம் வீசுவார். தொப்பியைத் தொட்டுப் பெரியவர்களைப் பெயர் சொல்லி விசாரிப்பார். "என்ன ஜோலீன், முட்டிவலி தேவலையா?" ஜூலை நான்காம் தேதி, அமெரிக்கச் சுதந்திர தின ஊர்வலத்தில் ஆர்விட் ஸ்டென் நடப்பது இப்படித்தான். அவர் பெயர் எழுதிய பேனரைக் கட்டிய வண்டியை முன்னால் மெதுவாக ஓட்டிப் போகிறவன் நான். பின்னால் வருபவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போவேன்.

மாநிலச் சட்டமன்றத்துக்கு எங்கள் தொகுதி உறுப்பினர், பல வருஷமாக. குளிர்காலத்தில் தலைநகருக்குப் போய்ச் சட்டம் போடுவார்; பனி உருகியதும் திரும்பி வந்து சோளம் விதைப்பார். தானே வேகவைத்த பீன்ஸோடு ஒரு சாவு வீடு விடாமல் போவார். யாரிடமும் 'முடியாது' என்று சொன்னதில்லை. 'சரி' என்றும் சொன்னதில்லை என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

வம்பான மசோதா ஏதாவது ஓட்டெடுப்புக்கு வந்தால், "வயிறு என்னமோ பண்ணுது, இதோ வந்துர்றேன்" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிவிட்டு எழுந்து போவார். எல்லாம் முடிந்தபின் திரும்பி வருவார். கட்சிக்கும் கோபமில்லை, ஊருக்கும் கோபமில்லை. அதை எங்களிடமே சொல்லிச் சிரிப்பார். "ஒரு எதிரி இல்லாம ஓட்டிட்டேன்ல?" நாங்களும் சிரித்தோம், பாவிகள்.

போன குளிர்காலத்தில் சிற்றூர் மருத்துவமனைகளுக்கு உதவி செய்யும் மசோதா வந்தது. கட்சித் தலைவர்கள் கூடாது என்றார்கள். எங்கள் மருத்துவமனையோ அதை நம்பித்தான் இருந்தது. எங்கள் ஊர் மார்லிஸ் தன் புருஷனுக்காக அவரை போனில் கூப்பிட்டாள். "டுவேனோட நெஞ்சு எப்ப நின்னுடுமோன்னு பயமா இருக்கு. ஆதரிச்சு ஓட்டுப் போட்டுடு ஆர்விட்." அவர், "உங்களை விட்டுடுவேனா மார்லிஸ்?" என்றார். ஒரே ஒரு ஓட்டுக் குறைந்து மசோதா தோற்றது. ஆர்விட் கழிவறையில் இருந்தார்.

மருத்துவமனையைப் பூட்டிவிட்டார்கள். மே மாதம், அடுத்த ஊர் மருத்துவமனைக்குப் போகும் வழியில், ஆம்புலன்ஸிலேயே மார்லிஸின் புருஷன் டுவேன் செத்துப்போனான். அந்தச் சாவுக்கு மட்டும் பீன்ஸ் வரவில்லை.

இந்த வருஷமும் மிட்டாய் வாங்கினார். எனக்கு மனசே இல்லை. ஆனாலும் வண்டியை எடுத்தேன். தானியக் கிடங்கைத் தாண்டித் திரும்பினோம். சாலையோரம் மார்லிஸ் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டுவேனின் நாற்காலியையும் பக்கத்தில் விரித்துப் போட்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

கண்ணாடியில் பார்த்தேன். ஆர்விட் வேகமாக நடந்து வந்து பக்கெட்டை என் வண்டியின் பின்னால் வைத்தார்.

"வயிறு என்னமோ பண்ணுது. நீ போய்ட்டே இரு."

தொப்பியை நெற்றிக்கு இறக்கிக்கொண்டு, பெட்ரோல் பங்கின் கழிவறைப் பக்கம் நடந்தார்.